கவுதாரிப் பக்கம்

ஓகூஸ், டென்மார்க்
12.10.1987

அன்புள்ள றெஜினாவுக்கு,

அந்தோனிதாசன் எழுதுவது. எனக்குக் குறையொன்றும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் எப்படி என்பது உன் கடிதம் வந்தால்தான் தெரியும். கடைசிக் கடிதம் ஓகஸ்ட்டில் வந்தது. அதற்குப் பிறகு வானொலிதான் எனக்கு ஊர்ச் செய்தி சொல்கிறது; அதிலும் நல்லது ஒன்றும் இல்லை.

உங்களை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பம் மார்ச்சில் கொடுத்தது. பதில் இல்லை. கேட்டால், "பார்க்கிறோம்" என்கிறார்கள். இவர்கள் ஒருநாளும் சத்தம் போடுவதில்லை. சத்தம் போட்டாலாவது திருப்பிச் சத்தம் போடலாம்.

வேலை கிடைத்திருக்கிறது. பெரிய உத்தியோகம் என்று அயலுக்குள் சொல்லித் திரியாதே. ஒரு நூலகத்தில் காலை ஐந்து மணி தொடக்கம் ஒன்பது மணி வரை நிலம் துடைப்பது, கண்ணாடி துடைப்பது. மட்டக்களப்பு முழுக்கக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, போட் எழுதின கைக்கு இப்போது வாளியும் துணியும்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மிருகப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். எண்ணூறு வருசத்துக்கு முன் இங்கிலாந்து மடங்களில் சாமிமார் கன்றுத் தோலில் எழுதிப் படம் கீறின புத்தகத்தின் பிரதி. சிவப்பு, நீலம், பொன் தகடு. அந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் என் தூரிகைகளை ஆற்றில் போடலாம். நூலகத்து இங்கர் என்ற அம்மா திங்கட்கிழமைதோறும் ஒரு பக்கம் திருப்பி வைப்பார். இந்தக் கிழமை யானை. யானைக்கு மாட்டுக் குளம்பு! தும்பிக்கை எங்கள் கோயில் பாண்ட் வாத்தியக்காரரின் எக்காளம் மாதிரி. அதற்கு முழங்காலே இல்லையாம். மரத்தில் சாய்ந்துதான் தூங்குமாம். வேடன் மரத்தை அரிந்து வைத்தால் விழுந்துவிடுமாம், பிறகு எழும்ப முடியாதாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இங்கர் அம்மா ஏன் என்று கேட்டார். என் அரைகுறை டெனிஷில், "இதைக் கீறினவர் யானை காணவில்லை" என்றேன். "காணவில்லைத்தான்" என்று அவரும் சிரித்தார்.

பிறகு யோசித்தேன், நான் மட்டும் திறமா? இராசரத்தினத்தின் ஐஸ்பழக் கடைப் போட்டில் பனிக்கரடி கீறினேனே, கரடியை எங்கே கண்டேன்? பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக் கீறி வெள்ளை அடித்தது. அந்த மனுசன், "கரடி ஏன் அந்தோனி வாலாட்டுது?" என்று கேட்டது ஞாபகமோ?

நிலானிக்கும் ஜெசிந்தாவுக்கும் முத்தங்கள். இருவருக்கும் ஒரே அளவு, சண்டை வேண்டாம்.

என்றும் உன்
அந்தோனிதாசன்

தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
20.12.1987

அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இரண்டு மாதம் ஊர் சுற்றி, ஆரோ உடைத்துப் பார்த்து ஒட்டின உறையோடு வந்து சேர்ந்தது. உடைத்தவர்களுக்கும் யானைக்கு முழங்கால் இல்லையென்று தெரிந்திருக்கும். விசா என்ன மாதிரி என்று கேட்டால் நீங்கள் எழுதுவது யானைக் கதை. நல்ல மனுசன்!

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்தியன் ஆமி வந்து ஊரடங்குச் சட்டம் போட்டிருக்கிறது. யேசு பிறப்பு நத்தாருக்கு நடுச்சாமப் பூசை இல்லை, பின்நேரமே வைக்கிறார்களாம். தையல் மெசினால் சோறு கிடைக்கிறது.

நிலானிக்கு வாற மாதம் ஒன்பது வயது. உங்கள் அண்ணன் றொபேட்டைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தராமல் மூன்று வருசம் முடிந்துவிட்டது. உங்கள் அண்ணி பிலோமினா அக்கா பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டரை வருசம். முதலில் இரண்டு கடிதம் வந்தது, பிறகு மூச்சில்லை. இப்போது நிலானி, "எங்கட அம்மா குவைத்தில" என்று சொல்வதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆர் கேட்டாலும் என்னைத்தான் காட்டுகிறாள். ஜெசிந்தாவுக்கு இவள்தான் அக்கா, வாத்தியார், பொலிஸ் எல்லாம்.

நீங்கள் கேட்ட மாதிரி இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழும் எடுத்து ஓகஸ்ட்டில் அனுப்பினேன். கிடைத்ததா? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நிலானி ஒரு முதலைப் படம் கீறித் தந்திருக்கிறாள். கீழே அவளே எழுதுகிறாளாம்.

உங்கள்
றெஜினா

அப்பா, யானைக்கு முழங்கால் இருக்கு. நான் கண்டனான். உங்கட சாமிமாரிட்டச் சொல்லுங்க. முதலை எங்கட ஆத்தில பார்த்துக் கீறினது. பிழையெண்டா சொல்லுங்க. நிலானி.

ஓகூஸ்
9.3.1988

அன்புள்ள றெஜினாவுக்கு,

முதலை வந்து சேர்ந்தது. ஒரு பிழையும் இல்லை என்று அவளிடம் சொல். பல்லு மட்டும் இரண்டு கூட. அது கூட இருந்தால் நல்லதுதான்.

சான்றிதழ்களும் வந்தன. அலுவலகத்தில் கொடுத்தேன்; கொடுத்ததால்தான் இந்தக் கடிதம். குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: "உமக்கு இரண்டு பிள்ளைகள் என்றீர். ஒரு பிள்ளையின் சான்றிதழில் தகப்பன் பெயர் றொபேட், உமது பெயர் அல்ல. ஏப்ரல் முடிவதற்குள் விளக்கவும்." நான் வந்திறங்கிய கிழமை ஒரு மொழிபெயர்ப்பாளர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, றெஜினா. எங்கள் பக்கத்தில் அண்ணன் பிள்ளை, தன் பிள்ளை என்று ஆர் பிரித்துச் சொல்லுவான்? அண்ணனின் மகளும் மகள்தான். பிரித்துச் சொன்னால்தான் சனம் காறித் துப்பும். இங்கே பிரிக்காமல் சொன்னதுதான் குற்றமாகப் போயிற்று.

ரயில் எடுத்து இக்காஸ்ட்டுக்குப் போய்ச் சிவபாலன் அண்ணையைக் கண்டேன். யாழ்ப்பாணத்து ஆள், பின்னல் ஆலையில் வேலை, எங்கள் சனத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். தேத்தண்ணி தந்து, கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன்ர பைல் நிண்டு போனது இந்தப் பிள்ளையாலதான். அவள் என்ர பிள்ளை இல்லையெண்டு ஒரு கடிதம் எழுதிக் குடு. மற்ற ரெண்டு பேரும் மூண்டு மாசத்தில வந்து இறங்குவினம். இல்லாட்டி மூண்டு பேரும் இல்லை."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

புத்தகத்தில் இந்தக் கிழமை கவுதாரி. மண்ணிறக் குருவி ஒன்று முட்டைகளின் மேல் இருக்கிறது, பின்னால் முழுக்கப் பொன். கவுதாரி கள்ளக் குருவியாம். மற்றக் கவுதாரியின் முட்டையைத் திருடி அடைகாக்குமாம். குஞ்சுகள் வளர்ந்து, பெற்ற தாயின் சத்தம் கேட்டவுடன், இதை விட்டுவிட்டு அதனிடம் பறந்துவிடுமாம். இங்கர் அம்மா ஆறுதலாக வாசித்து விளங்கப்படுத்தினார். இதை எழுதினவர்கள் பறவையைப் பார்த்து எழுதவில்லை, முந்தின புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்றும் சொன்னார். ஒருவன் பிழை விட்டால் அடுத்த நானூறு வருசத்துக்கு அதே பிழைதான். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

உன்
அந்தோனிதாசன்

தாண்டவன்வெளி
2.5.1988

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஏப்ரலுக்குள் பதில் கொடுக்க வேண்டிய விசயத்தை மே மாதம் வந்து சேருகிற கடிதத்தில் கேட்கிறீர்கள். சரி, கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒருக்காலும் இல்லை. அப்படி ஒரு கடிதம் நீங்கள் எழுதக் கூடாது.

சிவபாலன் அண்ணைக்கு என் வணக்கம். அவர் பிள்ளையை வெட்டிப் படிவம் நிரப்புகிறவர் என்றால் நாங்கள் படிவம் இல்லாமலே இருந்துகொள்ளுவோம். மூன்று பேர், அல்லது ஆரும் இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் நிலானிதான் கஞ்சி வைத்தாள். ஒன்பது வயசு. அடுப்புக்கு எட்டாமல் கதிரை வைத்து ஏறி நின்று துழாவினாள். அவளை விட்டுவிட்டு நான் பிளேனில் ஏறுவேனா? என்னை ஆரென்று நினைத்தீர்கள்?

அந்தக் கவுதாரிக் கதை எழுதினவன் பிள்ளை வளர்த்தவனோ? சாமிமார் எழுதினது என்றீர்களே, அதுதான் பார்த்தேன். ஆரோ விட்டுப்போன முட்டைக்குச் சூடு கொடுத்தால் அது களவோ? பாதிரியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது பழைய காலத்துப் புத்தகம், றெஜினா" என்றார்.

நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

றெஜினா

ஓகூஸ்
28.6.1988

அன்புள்ள றெஜினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ அந்தக் கதையை விடு. அலுவலகத்துக்குப் பதில் கொடுத்தாயிற்று. இனி அவர்கள் பாடு. நீ ஒன்றுக்கும் யோசியாதே.

நல்ல செய்தி ஒன்று. நிலானியின் முதலையை நூலகத்தில் வைத்திருக்கிறார்கள்! நான் அதைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டு திரிந்தேன். இங்கர் அம்மா கண்டு வாங்கிப் பார்த்தார். அந்தக் கிழமை புத்தகத்தில் இருந்ததும் முதலைதான். அதைப் பார்க்க வேண்டும் நீ: நாயின் உடம்பு, முதுகில் சேவல் கொண்டை, மனுசனைத் தின்றுகொண்டே அழுகிறது. நிலானியின் முதலை அழவில்லை, சேற்றில் கிடந்து வெயில் காய்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நிலானி, ஒன்பது வயது, மட்டக்களப்பு, நேரில் பார்த்து வரைந்தது" என்று அட்டையும் எழுதி வைத்தார். ஏப்ரல் பதினெட்டு, திங்கட்கிழமை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். புத்தகத்தைவிட இதைத்தான் கூட நேரம் பார்த்தார்கள். "யாருடைய பிள்ளை?" என்று இங்கர் அம்மா கேட்டார். "என் மகள்" என்றேன்.

அந்த அட்டை எழுத்து கோணலாக இருந்தது. நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து, சிறுவர் பகுதிக்கு நாலு மிருகம் பெரிதாகக் கீறித் தரக் கேட்டிருக்கிறார்கள். கூலி உண்டு. யானைக்கு முழங்கால் வைத்துக் கீறப் போகிறேன்.

உன்
அந்தோனிதாசன்

தாண்டவன்வெளி
14.11.1989

அந்தோனிதாசன் அவர்களுக்கு,

விசா வந்துவிட்டது. நீங்கள் கொடுத்து இரண்டு வருசமும் எட்டு மாதமும். கொழும்பிலிருந்து பெரிய உறை. நான் பிள்ளைகளைக் கூப்பிட்டு, குருசடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் உடைத்தேன். ஜெசிந்தா துள்ளினாள். எனக்கு ஒன்று, ஜெசிந்தாவுக்கு ஒன்று. உறையை உதறிப் பார்த்தேன். நிலானியும் வாங்கி உதறிப் பார்த்தாள்.

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கூட இருந்தது. நித்தியானந்தன் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "விண்ணப்பகாரர் 22.4.1988 அன்று எழுத்தில் தெரிவித்தபடி, நிலானி என்னும் பிள்ளை அவருடைய பிள்ளை அல்ல. ஆகவே அப்பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டது." இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். அதே வசனம்தான்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துத் தேதி பார்த்தேன். திங்கட்கிழமை நூலகத்தில் என் மகள் என்றீர்கள். அதே கிழமை வெள்ளிக்கிழமை என் பிள்ளை இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். நாலு நாள். ஜூனில் எனக்கு, அந்தக் கதையை விடு என்று எழுதினீர்கள். ஒன்றரை வருசம் நான் விட்டுவிட்டு இருந்திருக்கிறேன், மோட்டு மனுசி.

நான் வரவில்லை. ஜெசிந்தாவும் வரவில்லை. நிலானியிடம், "உன்ட விசா பிந்தி வரும் மகள்" என்று சொல்லியிருக்கிறேன். என் வாயாலும் ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

றெஜினா

ஓகூஸ்
20.1.1990

அன்புள்ள றெஜினாவுக்கு,

நீ எழுதினது எல்லாம் சரி.

நான் பயந்துவிட்டேன். அதுதான் உண்மை. ஒவ்வொரு நாளும் வானொலியில் மட்டக்களப்பு என்ற சொல் வந்தால் வாளியை வைத்துவிட்டு நிற்பேன். மூன்று பேர் இல்லையென்றால் ஆரும் இல்லை என்று நீ எழுதினாய். எனக்கு அப்படிக் கணக்குப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரையாவது உயிரோடு எடுத்துவிட்டால் பிறகு மூன்றாவது ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். உன் பதில் வரும் வரை இருந்திருக்கலாம். இருந்தால் நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இருக்கவில்லை.

விசா ஆறு மாதம்தான் செல்லும். தயவுசெய்து வா. வந்த பிறகு இரண்டு பேருமாக நின்று நிலானிக்குப் போடுவோம். என்னோடு கதைக்காமல் இரு, தனி அறையில் இரு, ஆனால் வந்து இரு.

உன்
அந்தோனிதாசன்

மாதா கோயில், மட்டக்களப்பு
3.3.1991

அத்தானுக்கு,

போன ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதிலிருந்து தபால் இல்லை. இதை ஒரு கன்னியாஸ்திரி கொழும்புக்குக் கொண்டுபோய்ப் போடுவா. மூன்று பேரும் இருக்கிறோம். வீட்டுக்குக் கூரை இல்லை. ஐந்து மாதம் கோயிலுக்குள் படுத்தோம், இப்போது கோயில் வளவுக்குள் கொட்டில். தையல் மெசினை நானும் நிலானியும் தூக்கிக்கொண்டு வந்தோம். அதை மட்டும் விடவில்லை. விசா திகதி எப்போதோ முடிந்துவிட்டது.

நீங்கள் வரச் சொன்ன நேரம் வந்திருந்தால் இதெல்லாம் பார்த்திருக்க வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஷெல் விழுந்த அன்று ஜெசிந்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நினைத்தேன். ஆனால் என் மற்றக் கை நிலானியின் கையில் இருந்தது. எந்தக் கையை விடுவது?

பிலோமினா அக்கா வந்தா. குவைத்தில் சண்டை வந்து, வேலைக்குப் போன பெட்டைகளையெல்லாம் திருப்பி அனுப்பினார்களாம். கையில் ஒரு பை மட்டும். ஆறு வருசத்தில் தலை அரைவாசி நரைத்துவிட்டது. ஏன் கடிதம் போடவில்லை என்று கேட்டேன். வீட்டுக்காரர் வெளியே விடவில்லையாம், முத்திரை ஒட்டக்கூட. நான் நம்புகிறேன். நீர்கொழும்பில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை எடுத்திருக்கிறா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தா.

நிலானி என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அம்மா, இவ ஆரு?" என்று என்னைக் கேட்டாள். ஆரென்று அவளுக்கு நல்லாகத் தெரியும். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதா. பிறகு விலாசம் எழுதித் தந்துவிட்டுத் தனியே போய்விட்டா. எனக்கு அவவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, பிள்ளை போகவில்லையே என்று சந்தோசமாகவும் இருந்தது. இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

றெஜினா

ஓகூஸ்
17.1.1993

அன்புள்ள றெஜினாவுக்கு,

மூன்று நாளைக்கு முன் இந்த நாட்டின் அரசாங்கம் கவிழ்ந்தது. நம்பமாட்டாய், எங்களால் கவிழ்ந்தது. தமிழரால்.

நீதிபதி ஒருவர் விசாரித்து ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறார். 87 செப்ரெம்பர் தொடக்கம், தமிழ் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை எடுக்க வேண்டாம் என்று மேலிடத்துச் சொல்லாம். சட்டத்தில் உரிமை இருந்தும், சும்மா விளக்கம் கேட்டுக் காலம் கடத்தி, விண்ணப்பக் கட்டுகளை அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். 89இல்தான் திரும்ப எடுத்தது. இங்கர் அம்மா செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். அவர் கண் சிவந்துவிட்டது. "மன்னித்துக்கொள்" என்றார், அவர் என்ன பிழை செய்தார்? பின்நேரம் எல்லாருமாகக் கேக் வெட்டினார்கள்.

அப்போ பார், றெஜினா, உங்கள் விசா பிந்தினது நான் பிள்ளைகள் இரண்டு என்று சொன்னதால் இல்லை. நிலானியால் இல்லை. எல்லாருடையதும் கிடந்தது. ஒரு பிள்ளை என்று எழுதினவனுடையதும் கிடந்தது. இத்தனை வருசமும் என் வாயால்தான் கெட்டது என்று நினைத்திருந்தேன்.

அந்த மிருகப் புத்தகங்களைப் பற்றி இங்கர் அம்மா முன்பு ஒன்று சொன்னார். நூற்றுக்கணக்கான வருசம் முழங்கால் இல்லாத யானையைப் பார்த்துப் பார்த்துக் கீறினார்களாம். ஒரு நாள் பிரான்ஸ் அரசன் இங்கிலாந்து அரசனுக்கு உண்மையான யானை ஒன்று அனுப்ப, ஒரு சாமியார் நேரில் போய்ப் பார்த்து முழங்காலோடு கீறினாராம். இங்கேயும் ஒரு மனுசன், இந்த நீதிபதி, போய் மேசை லாச்சியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

இப்போது புதிதாகப் போட்டால் உனக்கும் ஜெசிந்தாவுக்கும் மூன்று நாலு மாதத்தில் தருவார்களாம். நிலானிக்கு வேறாகப் போட வேண்டும். என் பழைய கடிதம் பைலில் இருப்பதால் விசாரணை இருக்குமாம், உறுதியாகச் சொல்ல முடியாதாம். என்ன செய்யலாம்?

உன்
அந்தோனிதாசன்

தாண்டவன்வெளி
10.3.1993

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நல்ல செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அரசாங்கம் விழுந்தது, கேக் வெட்டியது, உங்கள் மேல் பிழை இல்லை. நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கட்டு அடியில் கிடந்ததென்றால், நீங்கள் கொடுத்த அந்தக் கடிதமும் அதற்குள்தானே கிடந்தது? ஒருவரும் வாசிக்காமல் கிடந்தது. அது எங்களை ஒரு நாள்கூட முந்திக் கொண்டுவரவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் 89இல் மூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம், அந்த இங்கர் அம்மாவும் வந்து சொல்லியிருப்பா. ஒன்றுக்கும் உதவாத ஒரு வசனத்துக்காகப் பிள்ளையைக் கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு இது ஆறுதல் என்றால் எனக்கு இது இன்னும் கூடக் கோபம்.

நிலானிக்குப் பதினாலு வயது. முட்டாள் இல்லை. "என்ட விசா ஏன் பிந்துது?" என்று இப்போது என்னிடம் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயம். இனி நான் உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன். நீங்கள் செய்ததை நீங்களே அவளுக்கு எழுதுங்கள். அலுவலகத்துக்கு எழுதத் தெரிந்த கைக்கு அவளுக்கும் எழுதத் தெரியும். மிருகக் கதை வேண்டாம், சோடனை வேண்டாம். அது வரும் வரை எனக்கு எழுதாதீர்கள்.

றெஜினா

ஓகூஸ்
18.4.1993

அன்புள்ள மகள் நிலானிக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதத்தை ஆறு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

1988 ஏப்ரல் 22ஆம் திகதி, இங்குள்ள அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தேன். அதில், "நிலானி என் பிள்ளை அல்ல. அவள் என் அண்ணனின் பிள்ளை" என்று எழுதியிருந்தேன். வசனம் சிவபாலன் என்ற ஒருவர் டெனிஷில் சொல்லித் தந்தது. எழுதினது நான். போட் எழுதுகிற கை என்பதால் மூன்று தரம் எழுதிப் பார்த்து, கோணல் இல்லாததைத் தெரிந்தெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கின பெண் எழுத்து அழகு என்று சொன்னா. நான் நன்றி சொன்னேன்.

உன் அம்மா வேண்டாம் என்று எழுதின கடிதம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். பிறகு அவவிடம் மறைத்தேன். அவவுக்கு விசா வந்தும் உன்னை விட்டு வரமாட்டேன் என்று நின்றா. நீங்கள் மூன்று பேரும் ஷெல்லுக்குள் இருந்ததற்குக் காரணம் நான். உன்னில் ஒரு பிழையும் இல்லை.

அந்த நேரம் பயத்தில் செய்தேன். பயம் உண்மை, ஆனால் அது நியாயம் இல்லை. எழுதினது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. உனக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்னை ஏசி எழுதினால் வாங்கிக்கொள்வேன். எழுதாமல் விட்டால் அதையும் வாங்கிக்கொள்வேன்.

உன்
அப்பா

நீர்கொழும்பு
29.6.1993

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நிலானி எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் மே மாதம் வந்தது. அம்மா உடைக்காமல் என்னிடம் தந்துவிட்டு உலை வைக்கக் குசினிக்குள் போய்விட்டா. நான் இரண்டு நாள் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்திருந்துவிட்டு வாசித்தேன். மறைக்காமல் எழுதினதற்கு நன்றி. எனக்கு ஏச வரவில்லை. ஒரு இரவு அழுதேன், பிறகு விடிந்துவிட்டது.

நான் அங்கே இருக்கும் வரை அம்மா அசையமாட்டா என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்குப் பதினொரு வயது, நல்லாகப் படிப்பாள், ஷெல் சத்தம் கேட்டால் இப்போதும் உடுப்போடு சலம் போகிறாள். அதனால் நானே என்னைப் பெற்ற அம்மாவுக்குக் கடிதம் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ஜூன் ஆறாம் திகதி வந்தா. அம்மா பஸ் வரைக்கும் வந்து, ஜன்னலுக்குள்ளால் என் கையைப் பிடித்தபடி நின்றா. "போகாத மகள், நான் போகேல்ல, ஒருத்தரும் போகேல்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றா. ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். நான்தான் கையை எடுத்தேன்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். பெற்ற அம்மா நல்லவ. தொழிற்சாலையால் வந்து எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவா. இரண்டு பேருக்கும் இன்னும் கதைக்க அவ்வளவு பழக்கம் இல்லை.

நீங்கள் திரும்பப் போட்ட விண்ணப்பத்துக்கு மே கடைசியில் வந்த விசாவை, நான் போன பிறகுதான் அம்மா கையில் எடுத்தா; அவவும் ஜெசிந்தாவும் ஓகஸ்ட் பதினோராம் திகதி பிளேன் ஏறுகிறார்கள். கொழும்பில் நான் போய் ஏற்றிவிடுவேன். அம்மாவுக்குக் காதுக்குள் குளிர் போனால் தலையிடி வரும், கூட்டிவரப் போகும்போது தொப்பி ஒன்று கொண்டு போங்கள். தையல் மெசின் கொண்டுவர விடமாட்டார்களாம், அதற்குக் கவலைப்படுகிறா. அங்கே ஒன்று வாங்கி வையுங்கள். கொஞ்ச நாளைக்கு உங்களோடு கதைக்கமாட்டா. கோபிக்காதீர்கள்.

ஜெசிந்தாவுக்கு நான் பிந்தி வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவள் விளங்கிக்கொள்ளுவாள்.

இப்படிக்கு,
றொபேட் நிலானி